பால்கனி சுமந்த மூட்டை

கட்டடங்களின் பலத்தைச் சோதிக்கும் கூடம் அது. மூலையில் கிடந்த பழைய மணல் மூட்டையிடம் கம்ப்யூட்டர் கேட்டது: "அண்ணே, உங்களை நாளைக்குத் தோட்டத்துல கொட்டப்போறாங்களாமே?"

"ஆமா தம்பி. இப்பல்லாம் பாரம் ஏத்துறது நீதானே."

"ஏத்துறதாவது. பீமைப் படமா வரைஞ்சு, பொடிப்பொடிக் கட்டமா பிரிச்சுப்பேன். மேலே பாரத்துக்குப் பதிலா ஒரு அம்புக்குறி வைப்பேன். எங்கே எவ்வளவு வளையும்னு கணக்கு வந்துடும்."

மூட்டை கொஞ்சம் சரிந்து உட்கார்ந்தது. "தியேட்டர் பால்கனி கட்டினப்போ அதைத் தாங்குற பீம் மேலே நாங்க நாற்பது பேர் ஏறினோம். ஒருநாள் முழுக்க அது முதுகுலயே கிடந்தோம். கீழே வச்ச மீட்டர்ல முள் மெல்ல மெல்ல நகர்ந்துச்சு."

"இறங்கினதும் நிமிர்ந்துச்சா?"

"நிமிர்ந்துச்சு. ஆனா முழுசா இல்லை. இன்னைக்கும் எங்களுக்காக ஒரு மயிரிழை குனிஞ்சுதான் இருக்கு. உன் அம்பை எடுத்தா என்ன ஆகும்?"

கம்ப்யூட்டர் அன்று காலையில் போட்ட ஒரு பீமின் கணக்கைத் திறந்து அம்பை எடுத்தது. பீம் ஸ்கேல் வைத்த மாதிரி நேரானது. மிச்ச வளைவு பூஜ்யம் என்று வந்தது.

அதைப் படித்துவிட்டுக் கம்ப்யூட்டர் சொன்னது: "நான் வந்துபோனதே அதுக்குத் தெரியலை, அண்ணே."