இரண்டாவதும் ஐந்தாவதும்

"ரெண்டாவதும் அஞ்சாவதும் வேண்டாம் மேடம். மத்த நாலும் நல்லா இருக்கு."

கருத்தரிப்பு மையத்தில் ஆலோசனை சொல்கிற பெண் இதைச் சொன்ன விதம் இருக்கிறதே, சொத்தைக் கத்தரிக்காயை ஒதுக்கி வைப்பதுபோல இருந்தது.

மொத்தம் ஆறு கருக்கள். மூன்று வருடம் அலைந்து, ஊசிமேல் ஊசியாகக் குத்திக்கொண்டு உண்டான ஆறு. அதில் இரண்டு பிறந்தால் காது கேட்காதாம். பரிசோதனை சொல்லிவிட்டதாம்.

எதிரே உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தவளுக்கு உச்சந்தலை வரை பற்றிக்கொண்டு வந்தது.

பக்கத்து நாற்காலியில் அவளுடைய மகள் உட்கார்ந்திருந்தாள். பதின்மூன்று வயது. பிறந்ததிலிருந்தே காது கேட்காது.

நல்லவேளையாக ஆலோசனை சொன்ன பெண் முகக்கவசம் போட்டிருந்தாள். உதடு அசைந்தால் போதும், மகள் மொத்தப் பேச்சையும் படித்துவிடுவாள்.

கணவன் பூம்பூம் மாடு மாதிரி தலையாட்டிக்கொண்டிருந்தான். அதுதான் அவளுக்குப் பொறுக்கவில்லை.

"வெளிய வாங்க, பேசணும்," என்றாள்.

"இங்கயே பேசேன். அவளுக்குத்தான் கேக்காதே."

அவள் அவன் சட்டையைப் பிடித்து இழுக்காத குறைதான். மையத்தில் கையில் திணித்திருந்த காகிதக் கட்டை வழக்கம்போல மகளிடம் தள்ளிவிட்டு எழுந்தாள். பாங்க், பள்ளிக்கூடம், கேஸ் இணைப்பு, எதுவானாலும் அந்த வீட்டில் படிவம் நிரப்புவது மகள்தான். முத்து முத்தான கையெழுத்து.

நடைவழியில், மகள் கண்ணில் படாதபடி ஒரு தூணுக்குப் பின்னால் அவனை நிறுத்தினாள்.

காலையில் மாமியார் போனில் சொன்னதை முதலில் கொட்டினாள். இதாவது முழுசாப் பிறக்கட்டுமாம். அப்படியென்றால் இவள் என்ன, அரையா காலா? மூக்கும் முழியுமாக, வகுப்பில் முதல் ஆளாக நிற்கிற பெண்ணை எந்த வாய் அப்படிச் சொல்லும்?

அவன் எதிர்த்துப் பேசவில்லை. பேசியிருந்தால்கூடத் தேவலை.

"அவ பட்டது போதாதா, இன்னொண்ணும் படணுமா?" என்று மட்டும் கேட்டான்.

மகளுக்காகச் சைகை மொழி படிக்க முதலில் ஓடியவன் அவன்தான். நாளெல்லாம் பஸ் ஓட்டிவிட்டு வந்து, கண்ணாடி முன்னால் நின்று விரலை மடக்கி மடக்கிப் பழகியவன். அவனே இப்படிக் கேட்டால் அவள் யாரிடம் போய்ச் சண்டை போடுவாள்?

அதைவிடப் பெரிய கோபம் ஒன்று உள்ளே கிடந்தது. நாலு நல்லா இருக்கு என்று கேட்டதும் அவள் மனசும் ஒரு நொடி குளிர்ந்துதான் போனது. யாரும் கையைப் பிடித்து இழுத்து வரவில்லை. தன் காலால் நடந்துதான் இங்கே வந்தாள். அந்த ஒரு நொடிக்காகத் தன்னையே அறைந்துகொள்ளலாம் போலிருந்தது.

வேண்டாம் என்று எதிலும் கையெழுத்துப் போடப் போவதில்லை. ஆறும் அவளுடையவை. அவனிடம் அதைச் சொல்லிவிட்டு விறுவிறுவென்று உள்ளே வந்தாள்.

மகள் எல்லாத் தாள்களையும் நிரப்பி, ஓரம் தட்டி அடுக்கி வைத்திருந்தாள். முகவரி, வயது, பழைய சிகிச்சை விவரம் என்று நாலு தாள். அவற்றுக்கு அடியில் ஐந்தாவதாக ஒன்று இருந்தது. அப்படி ஒரு தாள் அந்தக் கட்டில் இருந்ததே அவளுக்குத் தெரியாது.

கருக்களை அப்புறப்படுத்த ஒப்புதல். எண் இரண்டு, எண் ஐந்து என்று மையத்திலேயே அச்சடித்திருந்தார்கள். பரிசோதனை முடிவையும் கூடவே பின் குத்தி வைத்திருந்தார்கள். காரணத்தை மட்டும் குடும்பத்தார் கைப்பட எழுத வேண்டுமாம்.

மகள் எழுதியிருந்தாள். 'என்னைப் போல் காது கேட்காது.' ஒரு அடித்தல் திருத்தல் இல்லை.

அதற்கும் கீழே, படிவத்தை நிரப்பியவரின் உறவுமுறை என்று ஒரு கோடு. முதல் நாலு தாளிலும் அந்த இடத்தில் 'மகள்' என்று எழுதியிருந்தாள்.

இதில் மட்டும் 'அக்கா' என்று எழுதியிருந்தாள்.