அத்தை கொடுத்த கிட்னி

அத்தை இறந்து ஒரு மழைக்காலம் போய்விட்டது. அந்த ஒரு காலைப்பொழுது மட்டும் எனக்கு இன்னும் முடியவில்லை. கும்மிடிப்பூண்டி லேப் பெஞ்சில் அவர் என்னை ஒட்டி உட்கார்ந்திருக்கிறார். வெளியே கம்பெனி பஸ்கள் கிளப்பிய புழுதி வெயிலில் மிதக்கிறது. என் முகக்கவசம் மூக்கிலிருந்து இறங்கும்போதெல்லாம் அவரே ஏற்றிவிடுகிறார். போன முறை என் ரத்தத்தில் கிரியாட்டினின் என்கிற உப்பு ஏறியிருந்தது. அவர் கொடுத்த கிட்னியை என் உடம்பு எதிர்க்கத் தொடங்கிவிட்டதா என்பது இன்று தெரிந்துவிடும். ரத்தம் எடுத்த பிறகே போடவேண்டிய மாத்திரையை அவர் கைக்குள் பொத்தி வைத்திருக்கிறார். “மாமியாரோடத வெச்சா மருமவ உடம்பு சும்மா இருக்குமாக்கா?” என்று ஊசியோடு வந்த லேப் பெண் பானு சிரிக்கிறாள். “அடி போடி! கல்யாணம் ஆன நாள்லேர்ந்து ஊட்ல சண்ட போட்டுக்கினுதான் கீறோம். இவளும் என்னத் தொரத்தல, நானும் போவல. உள்ள மட்டும் தொரத்திடுவாளா?” நான் சிரிக்கிற நேரத்தில் ஊசி ஏறிவிடுகிறது. பஞ்சை அழுத்திப் பிடித்தபடி அத்தை மாத்திரையை என் வாயில் போடுகிறார்.

பிறகு காத்திருக்கிறோம். சுவரில் மின்விசிறியின் நிழல் சுற்றுகிறது. அத்தை உள்ளறைக் கதவையே பார்த்துக்கொண்டிருக்கிறார். கடைசியில் பானு கதவைத் திறந்து, “உப்பு எறங்கிடுச்சிக்கா” என்கிறாள். “நான்தான் சொன்னேனே, இதுக்குப் போய் இன்னா பயம்” என்று அத்தை எழுகிறார். என் தோளைப் பிடித்தபடி மறுபடியும் என் பக்கத்திலேயே உட்கார்ந்துவிடுகிறார்.