ஒட்டிப்போன முள்

மூடியைத் திறந்த பிறகு யாரும் தும்மக் கூடாது என்று அனகா சொல்லிவிட்டாள். விஜயம்மா தோளில் போட்டிருந்த நேரியதின் நுனியால் மூக்கையும் வாயையும் பொத்திக்கொண்டார். ஜோசியர் ராஜப்பன் சுவரிலிருந்த சாமி படத்தைப் பார்த்துக் கும்பிட்டார்.

கையுறை போட்ட விரல்கள் உள்ளே போயின.

"பயப்படாதீங்க, உயிர் உண்டு" என்றாள் அனகா.

மேசைமேல் கிடந்தது ஜோசியரின் பழைய கம்ப்யூட்டரிலிருந்து கழற்றிய ஹார்ட் டிஸ்க். செங்கல் என்ற அந்த ஊரின் சுற்றுவட்டாரத்துக் கல்யாணங்களுக்கெல்லாம் பொருத்தம் பார்த்த பெட்டி அது. ஒரு வாரமாக எழுந்திருக்கவில்லை.

விஜயம்மாவுக்கு அது ஓடியே ஆக வேண்டும். மகன் பிபின் ஒரு பெண்ணை விரும்புகிறான். இந்தப் பெட்டி சரி என்றால் கல்யாணம், இல்லை என்றால் இல்லை.

போனில் பார்க்கும் பொருத்தம் எல்லாருக்கும் பத்துக்குப் பத்து போடும் என்பது அவர் கட்சி. பெண்ணின் பேரைக் கேட்கவில்லை, போட்டோவைக்கூட அவர் பார்க்கவில்லை. முகத்தைப் பார்த்துவிட்டால் மனசு இளகிவிடுமாம். பிபினும் ஒப்புக்கொண்டு, நெய்யாற்றின்கரையில் பழைய கம்ப்யூட்டர்களைப் பழுது பார்க்கும் அனகாவையும் அனுப்பி வைத்திருந்தான்.

"பாட்டுப்பெட்டி முள்ளு மாதிரி ஒண்ணு உள்ள உண்டும்மா. அத தடுத்து நிறுத்துற ரப்பரு உருகிப் பசையாயிட்டு. முள்ளு அதுல ஒட்டிக்கிடக்கு."

அனகா முள்ளை மெல்ல நெம்பி விடுவித்தாள். ரப்பர்மேல் ஒரு துண்டு டேப்பை ஒட்டி, மூடியைத் திருகி, டிஸ்க்கைப் பெட்டியில் மாட்டினாள். பெட்டி உறுமிக்கொண்டு எழுந்தது.

ராஜப்பன் இரண்டு பேரின் பிறந்த நேரத்தையும் தட்டினார். கணக்குப் போட அதற்குக் கொஞ்ச நேரம் பிடிக்கும் என்று சொல்லிவிட்டு, நிம்மதியாக எதிர்க்கடைக்குச் சாயா குடிக்கப் போனார்.

விஜயம்மாவால் சும்மா இருக்க முடியவில்லை. பெண்பிள்ளை இந்த வேலையை எங்கே படித்தாள், காலையில் சாப்பிட்டாளா என்று விசாரித்தார். பையிலிருந்து ஏத்தங்காய் வறுவலை எடுத்துக் கொடுத்தார். அவள் நெற்றியில் அப்பியிருந்த தூசியைத் தன் நேரியதாலேயே துடைத்துவிட்டார்.

திரையில் மலையாள எழுத்துகள் வரிசையாக விழுந்தன. பத்துப் பொருத்தத்தில் மூன்றுதான்.

விஜயம்மா இரண்டு தரம் வாசித்தார். பாரம் இறங்கியதுபோல் பெருமூச்சு விட்டார்.

"போனாப் போட்டும், நல்லதாக்கும். உள்ளதச் சொல்லுறேன் மக்கா, எனக்கு மருமகளா உன்ன மாதிரி ஒருத்தி வந்தா போதும். உனக்க ஜாதகம் வீட்டுல உண்டா?"

அனகா திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"வீட்டுல இல்ல, மாமி. இப்ப இதுக்குள்ள போட்டது அதாக்கும்."

விஜயம்மா அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். எதிர்க்கடையில் ராஜப்பன் கிளாஸைக் கீழே வைப்பது ஜன்னல் வழியே தெரிந்தது. விஜயம்மா எழுந்து போய்க் கதவைத் தாழிட்டார்.

"அவரு வாறதுக்குள்ள முள்ளப் பழையபடி ஒட்டி வச்சிரு, மக்கா."