தோள்மேல் மின்னும் விலை

எதிரே வருபவர் தன் துணியை என்ன விலைக்கு வாங்கினார் என்பது நம் மூக்குக்கண்ணாடியில் தெரிய ஆரம்பித்த பிறகு, எங்கள் சேலைக் கடையில் யாரும் பேரம் பேசுவதில்லை. விலையைக் கூட்டிப் போடச் சொல்கிறார்கள், வெட்கங்கெட்டவர்கள். முதலாளியம்மா வசுமதிக்குக் கொள்ளை லாபம். மூட்டையில் இருநூறு ரூபாய்க்கு வரும் சேலையில் நான் 'டிசைனர்' அட்டையைத் தொங்கவிட்டால் ஆறாயிரத்துக்குப் போகும்.

மகளின் நிச்சயதார்த்தத்துக்கு அதில் ஒன்றை அவரே கட்டிப் பார்த்தார். அவர் தோள்மேல் 'இருநூறு' என்று மின்னியது. அவர் வாங்கிய விலை அதுதானே!

"ஐயோ, சம்பந்தி வீட்டுல சிரிப்பாங்களேடி!" என்று பதறி, எதிர்க்கடை சுகந்திக்கு போன் போட்டு, அதே சேலையைக் கூடுதல் விலைக்குக் கேட்டார்.

"எங்கிட்ட அந்தச் சேலை தீர்ந்துபோச்சுக்கா. உங்களோடதையே குடுத்தனுப்புங்க, நான் பில்லு போட்டுத் தர்றேன்" என்றாள் சுகந்தி.

முதலாளியம்மா அவிழ்த்துக் கொடுத்ததை மடித்து எடுத்துக்கொண்டு சாலையைக் கடந்தேன். எட்டாயிரத்துக்குப் பில் போட்டு வாங்கி வந்தேன். அவர் உடம்புச் சூடுகூட அதில் ஆறியிருக்காது.

மறுபடி கட்டிக்கொண்டு முந்தானையைத் தடவித் தடவிப் பார்த்தார்.

"என்ன இருந்தாலும் அவ கடைத் துணி தனிதான்டி. மடிப்பு எப்படி நிக்குது பாரு!"