பலகையில் ஐந்து தமிழர்

கனடாவின் அந்தக் கடலோரச் சிற்றூரில், துறைமுகப் பலகை மக்கள்தொகையை நொடிக்கு நொடி காட்டிக்கொண்டிருக்கும். அதில் ‘தாய்மொழி தமிழ்: 5’ என்றிருந்தது. ஒரு மொழிக்காரர் ஐந்து பேருக்குக் குறைவாக இருந்தால், இன்னார் என்று அடையாளம் தெரியாதிருக்க, ஐந்தாகவே காட்டுவார்கள். உண்மையில் இருந்தது மீன் ஆலையில் வேலை செய்த குகதாசனும் மனைவி தவமலரும் மட்டுந்தான்.

“மற்ற மூண்டு பேரும் பசியோட வந்தா என்ன செய்யிறது?” என்று சிரித்தபடி, ஒவ்வொரு பொங்கலுக்கும் தவமலர் ஐந்து கிண்ணம் வைப்பாள்.

அவள் இறந்தபின் குகதாசன் துறைமுகப் பக்கமே போகவில்லை. ஒரு மாதம் கழித்துத்தான் பயந்து பயந்து நிமிர்ந்து பார்த்தார். ஊரின் மொத்தத்தில் ஒன்று குறைந்திருந்தது. தமிழ் மட்டும் ஐந்தாகவே நின்றது.

“தவம், உன்னை இன்னும் கழிக்கேல்லையப்பா,” என்றார்.

ஆண்டுத் திவசம் முடிந்து வந்த பொங்கலுக்கு அவரே ஐந்து கிண்ணம் வைத்தார். இம்முறை வரவேண்டியவர்கள் நான்கு பேர்.