திங்கட்கிழமை விபூதி

“வீட்ல என்னென்ன மாத்திரை சாப்பிடறாரு? ஒண்ணு விடாம சொல்லும்மா. தெரியாம அங்க வேற ஊசி போட்டுட்டா உயிருக்கே ஆபத்து.”

நர்ஸ் லில்லி மூன்றாவது முறையாகக் கேட்டாள். மூன்றாவது முறையாக நானும் ஒன்றுமில்லை என்றேன்.

காலையில் தறியில் உட்கார்ந்திருந்தபடியே என் கணவருக்கு வலிப்பு வந்துவிட்டது. செங்கல்பட்டு பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகச் சொல்லிவிட்டார்கள். ஆம்புலன்ஸ் வாசலில் நிற்கிறது. இவள் கையிலிருக்கும் தாளை நிரப்பாமல் அனுப்பமாட்டாள் போலிருந்தது.

எனக்கு எரிச்சல். ஒன்பது வருஷமாகக் குடும்பம் நடத்துகிறவளுக்குத் தெரியாதா? தலைவலிக்குக்கூட மாத்திரை போடாத மனுஷன். விபூதிதான் அவருக்கு மருந்து.

அதுவும் ஏகாம்பரநாதர் கோவில் விபூதி. திங்கட்கிழமை தவறாமல் என் அண்ணன் வெங்கடேசன் பொட்டலமாகக் கொண்டுவந்து கொடுப்பான். வேண்டுதல் விபூதி, பொம்பளை கை படக்கூடாது என்று இவர் வாங்கிப் பெட்டியில் பூட்டிவிடுவார். மச்சானும் மாப்பிள்ளையும் இவ்வளவு ஒற்றுமையா என்று பிள்ளையார்பாளையத்தில் எங்கள் தெருவே கண் வைத்தது. எனக்கும் பெருமைதான். அண்ணன் தேடிப் பிடித்துக் கட்டிவைத்த மாப்பிள்ளை அல்லவா.

இந்தத் திங்கள் அவன் வரவில்லை. மாமியார் வீட்டு விசேஷத்துக்குப் போனவன், இன்று விஷயம் கேட்டு நேரே ஆஸ்பத்திரிக்கு ஓடிவந்திருந்தான். சட்டைப்பையில் பொட்டலம் துருத்திக்கொண்டிருந்தது.

வண்டியில் ஏற்றுவதற்கு முன் நெற்றியில் பூசிவிடலாம் என்று கையை நீட்டினேன்.

அண்ணன் சட்டைப்பையைப் பொத்திக்கொண்டான்.

“விடுண்ணா.”

பிடுங்கிப் பிரித்தேன். ஒரு சிட்டிகை விபூதி இல்லை. இரண்டு அட்டை மாத்திரை இருந்தது.

லில்லி வாங்கிப் படித்தாள். வலிப்பு மாத்திரை என்றாள். இதைச் சில நாள் போடாமல் விட்டதால்தான் இப்படி ஆகியிருக்கும் என்றாள்.

மூன்று முறை நான் இல்லை இல்லை என்றேனே, பக்கத்தில்தானே நின்றான். கூடப் பிறந்தவன்.

“எத்தினி வேளை? எப்பலேர்ந்து?” லில்லி பேனாவோடு என்னைத்தான் கேட்டாள்.

அண்ணன் என் பக்கம் திரும்பவில்லை. அவளிடம் மட்டும் மெதுவாகச் சொன்னான்.

“காலைல ஒண்ணு, நைட்டு ஒண்ணு சிஸ்டர். பதினோரு வருஷமா சாப்ட்டுக்கினு இருக்காரு.”