தலைவருக்கு லைஃப் ஜாக்கெட்

“லைஃப் ஜாக்கெட் போட்டாதான் துடுப்பத் தொடுவேன்” என்றான் படகோட்டி.

தலைவர் ஆரோக்கியராஜுக்குச் சுருக்கென்றது. கடலூரில் கடல் தொழிலாளர்களுக்காகக் கொடி பிடித்தே தலை நரைத்தவர். காலையில்தான் சிதம்பரத்தில், கடல் தொழிலாளர், பயணிகள் உரிமை மாநாட்டில் தொண்டை கட்டும்வரை முழங்கிவிட்டு, சிவப்புச் சால்வையோடு முகத்துவாரம் பார்க்க வந்திருந்தார்.

ஜாக்கெட்டில் முந்தின பயணியின் வியர்வை காயவில்லை. அதுகூடப் பரவாயில்லை. போட்டால் சால்வையை மறைத்துவிடும்.

“நான் யாருன்னு தெரியுமாய்யா?”

“தெரியும் தலைவரே. போட்டுக்குங்க.”

“இந்தப் படகுத்துறையே நான் உண்ணாவிரதம் இருந்து ஜெயிச்ச துறை.”

கூட வந்திருந்த சட்டக் கல்லூரி விரிவுரையாளர் வித்யாலட்சுமி, தன் ஜாக்கெட்டின் வாரை இழுத்து மாட்டியபடி, “எதுக்காக சார் இருந்தீங்க?” என்றார்.

“எத்தனையோ இருந்திருக்கேம்மா. எதுக்குன்னெல்லாம் யாரு ஞாபகம் வெச்சிக்கிறது?”

பிறகு படகோட்டியிடம் திரும்பினார். “பயணிக்கும் உரிமை இருக்குய்யா. கட்டாயப்படுத்தக் கூடாது.”

“படகுல படகோட்டி சொல்றதத்தான் கேக்கணும் சார். சட்டம் அப்படித்தான் இருக்கு” என்றார் வித்யாலட்சுமி.

“நீங்க எந்தப் பக்கம்மா?”

“உயிரோட வீட்டுக்குப் போற பக்கம் சார்.”

தலைவர் சால்வையை நீவிவிட்டுக்கொண்டார். “நான் தேவனாம்பட்டினத்துக் கடல்ல நீந்தி வளந்தவன். சுனாமியே என்னை ஒண்ணும் பண்ணல.”

“அன்னைக்கு நீங்க திருச்சி மாநாட்டுல இருந்ததா காலையில பேசுனீங்களே சார்.”

தலைவர் அதைக் காதில் வாங்கவில்லை. படகோட்டியை ஏற இறங்கப் பார்த்தார். “நீ மட்டும் போடலயே?”

“எங்களுக்குக் குடுக்கறதில்லீங்க. பயணிக்கு மட்டுந்தான்.”

“பாத்தீங்களாம்மா அநியாயத்த? இதுக்கும் ஒரு போராட்டம் வெக்கறேன். இப்ப படகை எடு.”

“போட்டுக்குங்க, எடுக்கறேன்.”

“பேரென்ன உனக்கு?”

“கொளஞ்சியப்பன். மங்கலம்பேட்டைங்க.”

“அதானே பாத்தேன். கடலையே பாக்காத ஊரு. மேனேஜர்கிட்ட ஒரு வார்த்தை சொன்னா நாளைக்கு உனக்கு வேலை கெடையாது, தெரியுமா?”

ஒரு தொழிலாளியைப் பற்றி நிர்வாகத்திடம் புகார் செய்வதாக அவர் சொன்னது வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. சொல்லிவிட்டு அவரே இருமிக்கொண்டார்.

கொளஞ்சியப்பனின் முகம் சுருங்கியது. துடுப்பைப் படகுக்குள் இழுத்துக் குறுக்கே வைத்தான்.

“சொல்லுங்க தலைவரே. ரெண்டு புள்ளைங்க படிக்குது, இந்த வேலையும் போனா கஷ்டந்தான். ஆனா நீங்க போடாம நான் எடுக்க மாட்டேன்.”

“அப்படி என்னய்யா பிடிவாதம்? நான் விழுந்தா நீ குதிச்சித் தூக்க மாட்டியா? அதுக்குந்தானே சம்பளம்?”

“குதிக்கலாங்க. அப்புறம் ரெண்டு பேரையும் தேடணும். எனக்கு நீச்சல் தெரியாது.”

வித்யாலட்சுமி தன் வாரை இன்னொரு முறை இறுக்கிக்கொண்டார்.

தலைவருக்கு வேர்த்துவிட்டது. “நீச்சல் தெரியாதவனப் போயி படகுல வேலைக்கு வெச்சிருக்கானுங்களா? பயணிங்க உயிரு என்ன கிள்ளுக்கீரையா? யாருய்யா அந்த முட்டாள்? சொல்லு, அவன இன்னைக்கே சந்தி சிரிக்க வெக்கறேன்.”

கொளஞ்சியப்பன் தயங்கினான். ஜாக்கெட்டை எடுத்து, சால்வை கசங்காமல் அவர் தோளில் மாட்டிவிட்டான்.

“நீச்சல் பரீட்சை வெச்சி ஆள் எடுக்கறது தொழிலாளர் விரோதம்னு இதே கரையில பந்தல் போட்டுப் படுத்திருந்தீங்களே தலைவரே, அதுல ஜெயிச்சி வேலைக்கு வந்தவன் நான்.”